இந்த வருசம் படிச்சதுல உங்கள விடாம பிடிச்சுக்கிட்ட நாவல் எது? நான் அம்மாவுக்கு வாசிச்சு காட்டின கணக்கோட ஆரம்பிக்கிறேன்

கரிசல்பாட்டை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். வருசக் கடைசி வந்துருச்சு, இந்த வருசம் யாரு என்ன படிச்சீங்க, எது மனசுல நின்னுச்சுன்னு கேக்கத்தான் இந்த இழை. முதல்ல என் கதைய சொல்லிடுறேன், கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

போன பொங்கல் முடிஞ்சதும் அம்மாவ கோவில்பட்டி பக்கத்து ஊர்ல இருந்து இங்க அம்பத்தூருக்கு கூட்டிட்டு வந்துட்டேன். சுகர்ல கண்ணு போயிருச்சு. முழுசா இல்ல, ஆள் நிக்கிறது தெரியும், வெளிச்சம் தெரியும், எழுத்து மட்டும் தெரியாது. எட்டாங்கிளாஸோட நிறுத்துனவங்கதான், ஆனா ஊர் லைப்ரரில இருந்து புஸ்தகம் எடுத்துட்டு வந்து அடுப்புல உலை கொதிக்கிறதுக்குள்ள நாலு பக்கம் படிச்சிருவாங்க, சின்ன வயசுல நான் பாத்தது அப்படித்தான். ஒரு நாள் ஆபீஸ்ல இருந்து வந்து பாக்கேன், தேதி கேலண்டர் தாள கிழிச்சு மூக்கு கிட்ட வச்சு திருப்பி திருப்பி பாத்துட்டு இருக்காங்க. எனக்கு தொண்டைய அடைச்சிருச்சு. அன்னைக்கு ராத்திரியே கி. ராஜநாராயணனோட கோபல்ல கிராமத்த எடுத்து சத்தமா வாசிக்க ஆரம்பிச்சேன்.

காலேஜ்ல இருக்கும்போதே அத படிச்சிருக்கேன், 1976ல வந்த நாவல், தெலுங்கு பேசுற ஜனங்க வடக்க இருந்து தப்பிச்சு வந்து கரிசக்காட்ட அழிச்சு ஊராக்குன கதை, தெரியும். ஆனா சத்தமா வாசிக்கும்போதுதான் தெரிஞ்சுச்சு நான் அத பாதிதான் படிச்சிருக்கேன்னு. ஆரம்பத்துல ஒரு கர்ப்பிணிப் பொண்ணு தனியா நடந்து வந்து தண்ணி குடிக்க இறங்குவா, நகைக்காக ஒரு கள்ளன் அவள தண்ணிக்குள்ள அமுக்கி மிதிப்பான், அவ உயிர் போகும்போது அவன் கால் பெருவிரல கடிச்சு பிடிச்சுக்குவா, விடவே மாட்டா. இந்த இடத்துல அம்மா என் கைய பிடிச்சு நிறுத்தச் சொல்லிட்டாங்க. கொஞ்ச நேரம் ஒண்ணுமே பேசல. கை மட்டும் தன்னால காதுக்கு போச்சு. அப்புறம் அவங்க பாட்டி பாம்படம் போட்டு தொங்குன காதோட சந்தைக்கு தனியா நடந்து போனத, இருட்டுறதுக்குள்ள வரணும்னு மடியில கல்லு கட்டிக்கிட்டு போனதெல்லாம் சொன்னாங்க. முப்பத்தெட்டு வருசமா அவங்க மகனா இருக்கேன், இந்தக் கதைய நான் கேட்டதே இல்ல.

அப்புறம் பூமணியோட வெக்கை. 1982ல வந்தது. அசுரன் படம் பாத்தவங்களுக்கு கதை தெரியும்னு நெனப்பு இருக்கும், ஆனா நாவல் வேற மாதிரி. சிதம்பரம்னு ஒரு சின்னப் பையன் வடக்கூரான வெட்டிட்டு ஓடுறான், அப்பனும் மகனும் காட்டுலயும் மலையிலயும் பதுங்கிக் கிடக்குறாங்க, அவ்வளவுதான். படத்துல இருக்குற ஆவேசம் இதுல இல்ல. அதுக்கு பதிலா சோறு இருக்கு. எங்க தண்ணி கிடைக்கும், எந்தப் பழத்த திங்கலாம், எப்படி பொகை தெரியாம அடுப்பு மூட்டுறதுன்னு அப்பன் மகனுக்கு சொல்லிக் குடுத்துக்கிட்டே இருப்பான். அம்மா இதக் கேட்டுட்டு சொன்னது, "எய்யா, கொலையப் பத்தி பேசவே மாட்டுக்கான் பாரு, பிள்ளைக்கு வயித்துக்கு போடுறதுலயே இருக்கான்". எந்த விமர்சனத்துலயும் இத நான் படிக்கல.

என் பேச்சே மாறிப்போச்சுங்க. பதினஞ்சு வருசம் சென்னைல இருந்து என் நாக்குல கரிசல் பேச்சு செத்துப் போயிருந்துச்சு, வாசிக்கும்போது அம்மா திருத்துவாங்க, அப்படி இல்லய்யா இப்படி இழுத்து சொல்லணும்னு. கண்ணால படிக்கும்போது தடுக்குன வட்டார வழக்கெல்லாம் வாயால சொன்னா தடுக்கவே மாட்டேங்குது. இதுதான் இந்த வருசம் எனக்கு கிடைச்சது. வட்டார வழக்கு நாவல் கஷ்டமா இருக்குன்னு தூக்கி வச்சவங்க யாராச்சும் இருந்தா தயவுசெஞ்சு ஒரு அத்தியாயத்த சத்தமா வாசிச்சு பாருங்க.

மூணாவது ஹெப்சிபா ஜேசுதாசனோட புத்தம் வீடு, 1964. இதப் பத்தி யாருமே பேச மாட்டேங்குறாங்களேன்னு எனக்கு ஆத்தாமையா இருக்கு. பனைவிளைன்னு ஒரு ஊரு, வாழ்ந்து கெட்ட வீடு, லிஸின்னு ஒரு பொண்ணு. பெரிய மனுசி ஆனதும் வீட்டுக்குள்ள உக்கார வச்சிருவாங்க. பனையேறி குடும்பத்து தங்கராஜ் மேல அவளுக்கு ஆசை. பெருசா சத்தம் போடாத நாவல், ஆனா அந்தப் பொண்ணு கதவுக்குப் பின்னால நின்னு பாக்குறத வாசிக்கும்போது மூச்சு முட்டும். அக்கானின்னு வந்த இடத்துல எல்லாம் அம்மா பதனின்னு சொல்லிக்கிட்டே வந்தாங்க, நானும் கடைசில பதனின்னே வாசிச்சேன்.

இப்ப அடுத்தது என்ன வாசிக்கலாம்னு சொல்லுங்க. உங்க வருசத்தையும் சொல்லுங்க.

கொண்டல்காத்து எழுதியது:

அண்ணாச்சி, பாம்படம் இடத்துல நானும் நிறுத்திட்டேன். எங்க ஆச்சியும் போட்டிருந்தவ.

அடுத்தது ஜோ டி குரூஸோட ஆழி சூழ் உலகு. வேற யோசனையே வேண்டாம். 2004ல வந்தது, ஆமந்துறைன்னு ஒரு பரதவர் ஊரு, 1933ல தொடங்கி 1985 வரைக்கும் போவும், மூணு தலைமுறை. ஆளுக பேரு குழம்பும், சொந்தம் குழம்பும், அதுக்கு பயந்துதான் நெறய பேரு பாதில விடுறாவ. நான் சொல்லுதேன் கேளுங்க, பேரப் பத்தி கவலப்படாம அந்த மூணு பேர பிடிச்சுக்கிடுங்க, கோத்ரா, சூசை, சிலுவை. கட்டுமரம் உடைஞ்சு நடுக்கடல்ல கிடக்காவ. கதை ஊருக்கு போயிட்டு போயிட்டு இவங்ககிட்ட திரும்பி வரும், வரும்போதெல்லாம் நம்ம வயிறு சுருங்கும். முடிவு சொல்ல மாட்டேன்.

எங்க அப்பா கடலுக்கு போனவரு. நீவாடு, அதான் கடல் நீரோட்டம், எந்தப் பக்கம் இழுக்குன்னு தண்ணிய பாத்தே சொல்லுவாரு, கரைல நின்னுக்கிட்டு காத்து கொண்டலா கச்சானா மாறுதுன்னு மோந்து பாத்து சொல்லுவாரு. இந்த வார்த்தையெல்லாம் அச்சுல நான் முதல்ல பாத்தது இந்த நாவல்லதான். பின்னால அருஞ்சொல் பொருள் போட்டிருக்கு, கோவில்பட்டி அம்மாவுக்கு அது வேண்டியிருக்கும், நீங்க ஒரு கைல அத விரிச்சு வச்சுக்கிட்டு வாசிங்க.

அவ்வளவு பெரிய புஸ்தகம் உடனே வேண்டாம்னா வண்ணநிலவனோட கடல்புரத்தில் வாசிங்க. சின்னது. வல்லம்ங்குற நாட்டுப் படகுக்கும் லாஞ்சுங்குற மோட்டார் படகுக்கும் நடக்குற சண்டை, பிலோமியோட காதல், வல்லத்த விக்க மனசு வராம மருகுற குரூஸ் மிக்கேல். அதுல யாருமே கெட்டவங்க இல்ல, தப்பு பண்றவங்க கூட. ஜோ டி குரூஸ் கடலுக்குள்ள கூட்டிட்டு போவாரு, வண்ணநிலவன் கரைல உக்கார வச்சு அழ வைப்பாரு. ரெண்டும் வேணும்.

ஒத்தையடி எழுதியது:

நல்ல இழை, கரிசல்பாட்டை சார். ஆனா ஒரு விஷயத்துல எனக்கு ஒத்துப்போகல. சத்தமா வாசிச்சா எல்லா நாவலும் திறந்துக்கும்னு சொல்ற மாதிரி இருக்கு. சில நாவல் சத்தத்துல செத்துடும். நான் இந்த வருசம் முழுக்க அசோகமித்திரன்தான் படிச்சேன், தண்ணீர், கரைந்த நிழல்கள், 18வது அட்சக்கோடு மூணும். அவர் எழுத்துல ஒரு வாக்கியத்துக்கும் அடுத்த வாக்கியத்துக்கும் நடுவுல ஒண்ணு இருக்கும், அத வாயால சொல்ல முடியாது, தனியா உக்காந்து கண்ணால மெதுவா போனாத்தான் பிடிபடும்.

18வது அட்சக்கோடு எடுத்துக்கோங்க. செகந்திராபாத், சந்திரசேகரன்னு ஒரு காலேஜ் பையன், கிரிக்கெட் ஆடுறான், மாட்டுக்கு தீவனம் வாங்கப் போறான், ரயில்வே குவார்ட்டர்ஸ்ல ஒரு சாதாரண வாழ்க்கை. நிஜாம் ஆட்சி முடியிற நேரம், நிஜாம் பக்கம் ஆயுதம் எடுத்த ரஜாக்கர்கள், அப்புறம் 1948 செப்டம்பர்ல இந்திய ராணுவம் உள்ள வருது. இவ்வளவு பெரிய சம்பவத்த அவர் குரல ஒசத்தாமலே சொல்லிட்டு போறார். கடைசி காட்சிய நான் நாலு தடவ படிச்சேன். அந்தப் பையன் அந்த வீட்டுல இருந்து ஏன் அப்படி ஓடினான்னு யோசிச்சுட்டு ராத்திரி பூரா முழிச்சிருந்தேன். அத நீங்க யாருக்காவது சத்தமா வாசிச்சு காட்ட முடியுமா?

கரிசல்பாட்டை எழுதியது:

ஒத்தையடி சார், நீங்க சொல்றது சரி. எல்லா நாவலுக்கும்னு நான் சொல்ல வரல, ஆனா எழுதின விதத்துல அப்படித்தான் தெரியுது. 18வது அட்சக்கோடு கடைசி பக்கம் எனக்கும் ஞாபகம் இருக்கு. அத அம்மாவுக்கு வாசிக்க என்னால முடியாது. அதே மாதிரி சுந்தர ராமசாமியோட ஜே.ஜே: சில குறிப்புகள் எடுத்து பத்து பக்கம் வாசிச்சேன், அம்மா பொறுமையா கேட்டுட்டு, இது ஒனக்கு எழுதினதுய்யா, நீயே படின்னுட்டாங்க. தனியாத்தான் படிச்சேன். தனியா படிக்கும்போது அது எவ்வளவு கூர்மையான நாவல்.

ஆனா தண்ணீர் விஷயத்துல மட்டும் உங்களோட சண்ட போடுவேன். அத முழுசா அம்மாவுக்கு வாசிச்சேன். ஜமுனாவும் சாயாவும் குடத்த தூக்கிட்டு அலையிறத எங்க ஊர்ல தண்ணி வண்டிக்கு நின்னவங்களுக்கு யாரும் விளக்கணுமா? டீச்சரம்மா தன் வாழ்க்கைய ஜமுனாகிட்ட சொல்ற இடத்துல அம்மா எந்திரிச்சு உக்காந்துட்டாங்க.

இரவுப்பணி எழுதியது:

நான் நர்ஸ். அரசு ஆஸ்பத்திரில தீக்காய வார்டுல நாலு வருசம் இருந்தேன், இப்ப வேற வார்டு. இந்த வருசம் நான் படிச்சது மொத்தமே ஆறு நாவல்தான், டியூட்டிக்கு நடுவுல அவ்வளவுதான் முடிஞ்சுது, அதுல ஒண்ணப் பத்தி மட்டும் எழுதுறேன். இமையத்தோட செல்லாத பணம். 2020க்கான சாகித்ய அகாடமி வாங்கினது.

நடேசன்னு ஒரு வாத்தியார், மக ரேவதி இன்ஜினியரிங் படிச்ச பொண்ணு, ஆட்டோ ஓட்டுற ரவிய பிடிவாதமா கட்டிக்கிறா, அப்புறம் ஒரு நாள் தீக்காயத்தோட ஜிப்மர் ஆஸ்பத்திரில கிடக்குறா. அப்பா கைல பணம் இருக்கு. அந்தப் பணத்தால ஒண்ணும் ஆகல. கதை இவ்வளவுதான், நாவல்ல பெரும்பகுதி வார்டுக்கு வெளிய காத்துக்கிட்டு இருக்குறவங்க பேசுற பேச்சு.

வார்டுக்கு உள்ள இருந்த ஆளு நான். கதவ திறந்து வெளிய வரும்போது இருபது முகம் ஒண்ணா திரும்பும். எந்த முகத்தையும் பாக்கக் கூடாதுன்னு தரைய பாத்துக்கிட்டே நடப்பேன், எங்க சீனியர் சிஸ்டர் எனக்கு முதல் வாரத்துல சொல்லிக் குடுத்ததே அதுதான். இந்த நாவல படிச்ச பிறகுதான் அந்தக் கதவுக்கு வெளிய என்ன பேசுனாங்கன்னு எனக்கு தெரிஞ்சுது. டீ வாங்கப் போறவங்க, கொண்டு வந்த புடவைய மடிச்சு மடிச்சு வைக்கிறவங்க, எத்தனை பெர்சென்ட்னு சொன்னாங்கன்னு ஒருத்தர ஒருத்தர் கேட்டுக்கிறவங்க. பக்கத்து பெட் பொண்ணோட அம்மாவும் நம்ம பொண்ணோட அம்மாவும் ரெண்டு நாள்ல சொந்தக்காரங்க மாதிரி ஆயிடுவாங்க, அது அப்படியே உண்மை.

இத எல்லாருக்கும் சொல்ல மாட்டேன். வீட்டுல அப்படி ஏதாவது நடந்தவங்க இப்ப படிக்க வேண்டாம். மத்தவங்க கண்டிப்பா படிங்க. அண்ணா, அம்மாவுக்கு இத வாசிக்காதீங்க, இமையத்தோட முதல் நாவல் கோவேறு கழுதைகள் வாசிங்க. ஆரோக்கியம்னு வண்ணாத்தி, ஊர் துணியெல்லாம் வெளுக்குறவ, வீடு வீடா போய் ராத்திரி சோறு எடுக்குறவ, அவளோட குரலுக்குத்தான் அந்த நாவல எழுதின மாதிரி இருக்கும். அது வாயால வாசிக்க வேண்டியது.

பினாங்குக்கரை எழுதியது:

வணக்கம் அண்ணே. கடல் தாண்டி ஒண்ணு சேத்துக்கோங்க. ப. சிங்காரத்தோட புயலிலே ஒரு தோணி, 1972.

எங்க தாத்தா சிவகங்கை பக்கத்துல இருந்து பதினாறு வயசுல கப்பல் ஏறி வட்டிக்கடைக்கு பெட்டியடிப் பையனா வந்தவரு, அப்புறம் அடுத்தாள் ஆனாரு. கிட்டங்கில, அதான் வட்டிக்கடைங்க இருக்குற கட்டடத்துல, ஆளுக்கு ஒரு கைப்பெட்டி, அது முன்னால பாய விரிச்சு கணக்கு எழுதுவாங்கன்னு சொல்லுவாரு. இந்த வாழ்க்கைய எழுதின தமிழ் நாவல் இருக்குன்னு எனக்கு முப்பது வயசு வரைக்கும் தெரியாது. ஜப்பான்காரன் சுமத்ரா தீவுல இருக்குற மெடானுக்குள்ள வர்றதுல ஆரம்பிக்கும், பாண்டியன்னு ஒருத்தன், வட்டிக்கடையில இருந்து இந்திய தேசிய ராணுவத்துக்கு போறான், மெடான், பினாங்கு, கடல், சண்டை. நடுக்கடல்ல தொங்கான்ங்குற சரக்குக் கப்பல் புயல்ல மாட்டுற அத்தியாயம் இருக்கே, அத படிச்சா கால் தரையில நிக்காது. ஆனா என்னை உலுக்குனது சண்டையில்ல. மெடான்ல குடிச்சுட்டு உக்காந்திருக்குறவன் மனசுல சின்னமங்கலம் சந்தையும் மதுரைத் தெருவும் ஓடும் பாருங்க, கடைக்கு கடை, ஆளுக்கு ஆளு. தாத்தா சாகுறதுக்கு முந்தின வாரம் அப்படித்தான் பேசிக்கிட்டு இருந்தாரு, பினாங்குல படுத்துக்கிட்டு சிவகங்கை தெருவ ஒவ்வொரு வீடா எண்ணிக்கிட்டு.

சிங்காரம் சிங்கம்புணரிக்காரரு, சின்ன வயசுல மெடானுக்கு வேலைக்கு வந்தவரு, அப்புறம் ஊருக்கு திரும்பி மதுரைல தினத்தந்தில வேல பாத்தாரு. எழுதினது ரெண்டே நாவல், இன்னொண்ணு கடலுக்கு அப்பால், 1959. உயிரோட இருக்கும்போது பெருசா யாரும் கொண்டாடல, 1997ல தனியாவே போய் சேந்துட்டாரு. அத நெனச்சா இன்னைக்கும் எனக்கு வலிக்குது.

ஒத்தையடி எழுதியது:

தோணி எனக்கும் பிடிக்கும், ஆனா நடுவுல மது அருந்திட்டு தமிழ் இலக்கியம் வரலாறுன்னு பேசிட்டே போற பகுதிகள் கொஞ்சம் நீளுதுன்னு தோணுது. முதல்முறை படிக்கிறவங்க அங்க சோர்ந்து போயிடக் கூடாது, தாண்டிப் போங்க.

பினாங்குக்கரை எழுதியது:

தாண்டிப் போகாதீங்க. ஊர விட்டு வந்த ஆம்பளைங்க நாலு பேரு உக்காந்தா அப்படித்தான் பேசுவாங்க. எங்க வீட்டு அஞ்சடியில, அதான் வாசல் தாழ்வாரத்துல, சனிக்கிழமை ராத்திரி கேட்டது அச்சு அசல் அதேதான், சங்கப் பாட்டுல ஆரம்பிச்சு சண்டையில முடியும். அந்தப் பேச்ச எடுத்துட்டா அந்த மனுசங்க தனிமையே தெரியாம போயிடும்.

பூவரசு எழுதியது:

நான் கனடாவில இருக்கிறன். வாசிச்சுக்கொண்டு வரேக்க எங்கட அம்மாவையும் நினைச்சன். இந்த வருசம் நான் வாசிச்சதில முதலாவது சயந்தன்ர ஆதிரை, 2015 இல வந்தது. நான் பிந்தித்தான் எடுத்தனான், பயம்தான் காரணம், போர் எண்டு தொடங்கினா திரும்பவும் அதுக்குள்ள போகோணும் எண்ட பயம்.

ஆனா அது தனிய போரின்ர கதை இல்லை. மலையகத்தில அடிவாங்கி வன்னிக்கு வந்து காடு வெட்டி குடியேறின சனத்தின்ர கதை அதுக்குள்ள இருக்கு, அவையள யாழ்ப்பாணத்து ஆக்கள் எப்பிடி நடத்தினம் எண்டதும் இருக்கு. நான் யாழ்ப்பாணத்தாள், எங்கட வீட்டில கிணத்தடிக்கு வெளிய நிண்டு தண்ணி வாங்கின ஆக்களை எனக்கு ஞாபகம் இருக்கு. சின்னப்பிள்ளையா நான்தான் வாளியால ஊத்தினனான், அவை ரெண்டு கையையும் கோலிப் பிடிச்சுக்கொண்டு நிப்பினம். அதை ஒரு நாளும் நான் யோசிச்சதில்லை. இந்த நாவல் வாசிச்ச இரவு அந்தக் கைகள்தான் கண்ணுக்குள்ள நிண்டது. 2009 மட்டும் கதை போகும், கடைசிப் பக்கங்களை நான் ஒரே இருப்பில வாசிக்கேல்ல, மூண்டு நாள் எடுத்தனான்.

சூரணப்பெட்டி எழுதியது:

மொழிபெயர்ப்பு யாரும் சொல்லல, அதான் வந்தேன். ஆரோக்கிய நிகேதனம். தாராசங்கர் பந்தோபாத்யாய வங்காளத்துல எழுதினது, 1956ல சாகித்ய அகாடமி வாங்கினது, தமிழ்ல த.நா. குமாரசாமி.

எங்க வீட்டுல மூணு தலைமுறையா நாட்டு வைத்தியம், அப்பாவோட நின்னு போச்சு. ஜீவன் மஷாய்னு கிழவர், நாடி பிடிச்சாலே சாவு எப்ப வரும்னு தெரிஞ்சுடும். ஊருக்கு புதுசா வந்த இங்கிலீஷ் மருந்து டாக்டர் பிரத்யோத்துக்கு இது பிடிக்காது, உயிரோட இருக்குறவங்கிட்ட சாவு தேதி சொல்றது கொடுமைன்னு கோவப்படுவான். யாரு பக்கம் நியாயம்னு நாவல் லேசுல சொல்லிடாது. பெத்த மகன் நாடியையும் அவரே பிடிச்சு பாத்து தெரிஞ்சுக்கிட்டவர் அவர். அவர் பொண்டாட்டி ஆத்தர் பௌ அதுக்காக அவர வாழ்நாள் பூரா மன்னிக்கவே மாட்டா. எங்க தாத்தா மூணு விரல மணிக்கட்டுல வச்சுட்டு கண்ண மூடுவார், அந்த நேரம் வீட்டுல யாரும் பேசக் கூடாது, உரல் இடிக்கிற சத்தம் கூட நின்னுடும். ஒரு வங்காளி அந்த அமைதிய எப்படி எழுதினார்னு எனக்கு ஆச்சரியமா இருக்கு. பழைய தமிழ் நடை, முதல் முப்பது பக்கம் பழகணும், அப்புறம் விடாது.

நொய்யல்மணி எழுதியது:

கொங்குப் பக்கம் ஆரும் பேசலீங்களே. தேவிபாரதி எழுதுன நீர்வழிப் படூஉம், 2023க்கான சாகித்ய அகாடமி. தலைப்பு கணியன் பூங்குன்றன் பாட்டுல இருந்து எடுத்தது. காரு மாமான்னு ஒருத்தரு, குடிநாவிதரு, செத்துப் போறாரு, எழவுக்கு சொந்தமெல்லாம் சேருது, அவரப் பத்தி ஆளாளுக்கு நெனைக்கிறாங்க. பக்கம் கம்மிதான். கடைசீல தாயம் ஆடற பகுதி வருமுங்க, வருசக்கணக்கா பேசாம இருந்த சொந்தம் ஒண்ணா உக்காந்து தாயம் உருட்டறது. எங்க பெரியம்மா வீட்டு எழவுல நாங்களும் ஆடினோம், புளியங்கொட்டைய ஒரு பக்கம் தேச்சு வச்சுக்கிட்டு. நடுராத்திரில எங்க சித்தப்பன் தாயம் விழுந்ததும் சத்தமா சிரிச்சுப் போட்டு அப்படியே அழுகத் தொடங்கிட்டாரு. உங்கம்மாவுக்கு இது பிடிக்குமுங்க. கொங்குப் பேச்சு, நீங்க வாசிக்க தடுமாறுனா கேளுங்க, நான் வேணா குரல் பதிவு பண்ணி அனுப்பறேன்.

கரிசல்பாட்டை எழுதியது:

எல்லாருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. இழைய முழுசா அம்மாவுக்கு வாசிச்சு காட்டுனேன், ரெண்டு ராத்திரி ஆச்சு. பூவரசு அக்கா எழுதினத ரெண்டு தடவ வாசிக்கச் சொன்னாங்க. இரவுப்பணி தங்கச்சி, நீ தரைய பாத்து நடந்தத சொன்னதுக்கு, அந்தப் பிள்ளைய நல்லா இருக்கச் சொல்லுன்னாங்க. நொய்யல்மணி அண்ணன், பதிவு அனுப்புங்க, கண்டிப்பா கேக்குறோம்.

கடைசில நான் எத எடுக்கலாம்னு அவங்ககிட்டயே கேட்டேன். கடல்ல மூணு பேரு கிடக்காகளே அதத்தான் முதல்லன்னுட்டாங்க. அவங்க கடல பாத்தது ஒரே தடவதான், திருச்செந்தூர்ல, எனக்கு மொட்டை போட்டப்ப. நேத்து ஆரம்பிச்சாச்சு. அருஞ்சொல் பக்கத்துல ஒரு விரல வச்சுக்கிட்டுத்தான் வாசிக்கேன். கொண்டல்காத்து அண்ணாச்சி, நீவாடுங்குறத எப்படி சொல்லணும், வாவ இழுக்கணுமா? அம்மா கேக்காங்க.

கொண்டல்காத்து எழுதியது:

நீவாடு. வாவ நல்லா இழுத்து, டுவ லேசா விட்டுருங்க அண்ணாச்சி. எங்க அப்பா சொன்ன மாதிரியே சொல்லி பதிவு பண்ணி இப்ப அனுப்புதேன்.